கழுத்தக்காவும் செவிட்டு எலிகளும்

அக்கா கையில் ஒரு எலி சாக ஒரு நொடிகூட ஆகாது. இடது கையின் இரண்டு விரல்கள் தலைக்குப் பின்னால் அழுத்தும். வலது கை வாலின் அடியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுக்கும். சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம் கேட்கும். பிறகு பின்னங்கால்கள் காற்றில் நாலைந்து உதை உதைக்கும்.

"அது உதைக்கல தம்பி, நரம்பு உதைக்குது. அது எப்பவோ போயாச்சு" என்று சொல்லிக்கொண்டே அடுத்ததற்குக் கை நீட்டுவார்.

அதனால்தான் அவருக்குக் கழுத்தக்கா என்று பெயர். எங்கள் ஆய்வுக்கூடத்தில் பெரிய படிப்புப் படித்தவர்கள் பதினோரு பேர் இருந்தோம். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட அக்கா ஒரு நாள் வராவிட்டால் பதினோரு பேருக்கும் வேலை நின்றுவிடும். எலிகளை வளர்ப்பது, பிரிப்பது, கூண்டு கழுவுவது, கொல்வது எல்லாம் அவர்தான். வாயு விட்டுக் கொன்றால் நுரையீரலில் அதன் தடம் விழுந்துவிடும் என்பது எங்கள் கூடத்தின் கட்சி. ஆகவே கைதான். மற்றவர்கள் முயன்றால் எலி கத்தும், திரும்பிக் கடிக்கும், பாதி உயிரோடு மேசையில் துள்ளும். அக்கா கையில் ஒன்றுகூடக் கத்தி நான் கேட்டதில்லை.

அவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. குட்டையான உருவம், கட்டையான மணிக்கட்டு, விரல் நுனியெல்லாம் பழைய கடித் தழும்பு. கணவர் சந்தையில் ஆட்டுக்கறி வெட்டுகிறவர். அவர் மனைவியைக் கூட்டிப்போக வரும்போதெல்லாம் வாசலில் ஒரு கச்சேரி நடக்கும்.

"நான் வெட்டினா நாலு வீட்ல அடுப்பு எரியுது. நீ முறிக்கிறியே, எவன் திங்கிறான் அதை?"

"நீ வெட்டினதைத் தின்னுட்டு இருமுறவனுக்கு மருந்து வேணாமா? அதுக்குத்தான்யா முறிக்கிறேன். பேசாம வண்டியை எடு."

என் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் கால் என்னுடையது. அதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது. என் அப்பா ஊரில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம், "எம்பையன் நுரையீரலுக்கு மருந்து கண்டுபிடிக்கிறான்" என்று சொல்லி வைத்திருந்தார். நான் இங்கே எலிக்கு எடை போட்டுக்கொண்டிருந்தேன்.

வேலை இதுதான். காய்ச்சல் வைரஸை எலியின் மூக்கில் ஒரு சொட்டு விடுவோம். அது நெஞ்சுக்குள் இறங்கும். உடம்பில் இரண்டு படைகள் உண்டு. ஒன்று, எதிரி யார் என்று அடையாளம் பார்த்து, பழகி, ஒரு வாரம் கழித்து நிதானமாக வரும் படை. இன்னொன்று பிறவியிலேயே இருப்பது. சத்தம் கேட்டதும் தடியோடு ஓடிவந்து, கண்ணில் பட்டதையெல்லாம் அடிக்கும் முரட்டுப் படை. வைரஸைக் கொல்வதும் அதுதான். நுரையீரலைக் கிழிப்பதும் அதுதான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவன் கதையைக் கேட்டிருப்பீர்கள். இங்கே எலியே தன் வீட்டைக் கொளுத்திக்கொள்கிறது. ஆறாம் நாள் நெஞ்சைப் பிளந்து பார்த்தால் வைரஸ் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும். ஆனால் நுரையீரல் பஞ்சு போல இருக்காது, ஈரல் போலக் கறுத்திருக்கும். அறுத்தால் இளஞ்சிவப்பு நுரை பொங்கும். தண்ணீரில் போட்டால் கல்லாக மூழ்கும். தன் தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் செத்த உடம்பு அது.

வைரஸ் வந்திருக்கிறது என்று கேட்டுச் சொல்லும் காது ஒன்று நம் உயிரணுக்களுக்கு உண்டு. அந்தக் காது இல்லாமலே பிறக்கும்படி வளர்த்த எலிகள் எங்களிடம் இருந்தன. அக்கா அவற்றைச் செவிட்டு எலி என்பார். செவிட்டு எலியின் நெஞ்சில் வைரஸ் அதிகமாகவே பெருகும். ஆனாலும் அது பிழைத்துக்கொள்ளும். முரட்டுப் படைக்கு ஆள் அனுப்ப அங்கே யாரும் இல்லையே. இதைத்தான் எங்கள் தலைவி டாக்டரம்மா ஆறு வருடமாக நிரூபிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முறை நாற்பது ஆண் எலிகள். இருபது செவிடு, இருபது காது கேட்கிறவை. எல்லாமே ஒரே கறுப்பு. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆகவே குட்டியிலேயே செவிட்டு எலிக்கு மட்டும் வலது காதோரம் சின்னதாக ஒரு வெட்டு வைப்பார் அக்கா. மற்றதற்கு ஒன்றும் கிடையாது.

எட்டுக் கூண்டுகள், கூண்டுக்கு ஐந்து எலி. ஒரே வகையை ஒரே கூண்டில் போட்டால் கூண்டின் வித்தியாசமும் எலியின் வித்தியாசமும் கலந்துவிடும் என்று நான் படித்திருந்தேன். எனவே இரண்டு வகையையும் கலந்து போடச் சொன்னேன்.

அக்கா கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தார். "தம்பி, இதெல்லாம் வளந்த ஆம்பளைங்க. வேற வேற வயித்துல பொறந்தது. ஒண்ணாப் போட்டா கொலை விழும்."

"புத்தகத்துல அப்படித்தான்க்கா போட்டிருக்கு."

"புத்தகத்தை எலி படிச்சிருக்கா?"

நான் சிரிக்கவில்லை. அவர் கலந்து போட்டார். ஒவ்வொரு கூண்டிலும் எத்தனை செவிடு என்று அதில் தொங்கும் கார்டில் பென்சிலால் எழுதினார். நாலு கூண்டில் இரண்டு, நாலு கூண்டில் மூன்று. கோணல் எழுத்து, ஆனால் எண் தெளிவாக இருந்தது.

அன்று மாலைக்குள்ளேயே சண்டை தொடங்கிவிட்டது. எலிச் சண்டையை நேரில் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். இரண்டும் நிமிர்ந்து நின்று குத்துச்சண்டைக்காரர்கள் போல முன்னங்காலால் தள்ளிக்கொள்ளும். பிறகு கறுப்புப் பந்தாக உருளும். கடிப்பது முதுகில், வாலடியில், காதில், விதையில். தோற்றது ஓடினாலும் விடாது. மறுநாள் மரத்தூள் முழுக்கச் செம்புள்ளிகள். ஒன்று தண்ணீர் பாட்டிலின் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே இறங்கவே மறுத்தது. அதன் இடுப்பில் தோல் உரிந்து சதை மினுங்கியது. ஐந்து நாளில் ஒரு கூண்டுக்கு ஒரு ராஜா உருவாகி, மற்ற நாலும் அடங்கின. அடங்கிவிட்டது என்று சொல்லி அந்த நாளிலேயே வைரஸை மூக்கில் விட்டேன்.

வாலில் பேனாவால் கோடு போட்டுத்தான் ஒவ்வொரு எலிக்கும் எண். மூன்றாம் நாள் பார்த்தால், நக்கி நக்கிக் கோடுகள் அழிந்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்து, காதைப் பார்த்து, வகை பிரித்துப் புதிதாக எண் போட்டேன். இரண்டாம், நாலாம், ஏழாம் கூண்டுகளில் கணக்கு இடித்தது. கார்டில் இரண்டு செவிடு என்று இருந்தது. என் கண் மூன்று என்றது. கார்டு அக்கா எழுதியது, கண் என்னுடையது. நீலப் பேனாவால் இரண்டை அடித்து மூன்று என்று எழுதினேன். மூன்று கார்டிலும் கீழே கையெழுத்தும் போட்டேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆறாம் நாளிலிருந்து எலிகள் சரியத் தொடங்கின. முடி சிலிர்த்து, முதுகு கூனி, மூலையில் உட்கார்ந்து வயிற்றால் மூச்சு இழுக்கும். எடை நாலில் ஒரு பங்கு குறைந்தால் அதற்கு மேல் வதைக்கக் கூடாது என்பது சட்டம். தராசில் நான் எண்ணைச் சொல்வேன். "பதினேழு புள்ளி எட்டு கிராம்" என்றதும் அக்கா கை நீளும். சுள்ளி ஒடியும். எட்டாம் நாள் முடிவதற்குள் பதினாறு எலிகள் போயின. பன்னிரண்டு காது கேட்கிறவை, அது எதிர்பார்த்ததுதான். செவிட்டில் ஒன்று போகலாம், போயிற்று. ஆனால் செவிடு என்று நான் எண் போட்ட வேறு மூன்றும் போயின.

டாக்டரம்மா அந்த மூன்றின் நெஞ்சையும் தானே பிளந்தார். மூன்றும் ஈரல் நிறம். மூன்றும் நுரை. மூன்றும் தண்ணீரில் மூழ்கின. இடுக்கியைத் தட்டில் எறிந்த வேகத்தில் அது துள்ளிக் கீழே விழுந்தது.

"இது செவிட்டு எலியே இல்ல. காது கேக்கற எலிக்கு யாரோ வெட்டு வெச்சிருக்காங்க. குட்டிக்குக் காது வெட்டினது யாரு?"

காது வெட்டினது யார் என்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். எலிக்கூடத்து மேற்பார்வையாளருக்கு அது கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்குவதால் அவருக்குச் சாவி என்று பெயர். பழைய தீவனத்தை அவர் புதுப் பையில் மாற்றி வைத்ததை அக்கா ஒருமுறை எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து சாவிக்கு அக்காவைக் கண்டால் ஆகாது.

"கார்டைப் பாருங்க மேடம். ரெண்டுன்னு எழுதியிருக்கா, காதுல மூணுக்கு வெட்டு இருக்கு. தம்பி பாத்துத் திருத்தியிருக்கார். பதினாலு வருஷமா இவ எத்தனை காதை மாத்தி வெட்டினாளோ, யாரு கண்டா?"

என் கையெழுத்துதான் சாட்சி. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

அக்கா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நான் மாத்தி வெட்டல. அந்த மூணும் ஃப்ரீசர்ல கிடக்கு. காதை எடுத்துப் பாருங்க." யாரும் பார்க்கவில்லை. பதினாலு வருடத்தில் தான் வெட்டிய காதுகளெல்லாம் தப்பு என்று ஆனால், வேலை போவது மட்டுமில்லை. அவர் கைக்கு இருந்த ஒரே பெயரும் போய்விடும். இன்னொரு எலிக்கூடத்தில் அந்தக் கையை யாரும் சேர்க்க மாட்டார்கள்.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது நான் மட்டும் ஃப்ரீசரைத் திறந்தேன். பையைப் பிரித்து, விறைத்த மூன்று தலைகளையும் லென்ஸுக்குக் கீழே வைத்தேன். ஒப்பிட, அக்கா கருவியால் வெட்டிய செவிட்டு எலியின் காது ஒன்றையும் வைத்தேன். அது நகத்தை வெட்டின மாதிரி சுத்தமான அரைவட்டம். அந்த மூன்றும் நாய் கவ்விய செருப்பின் ஓரம் போலக் கிழிந்து, சுருங்கி, ஆறியிருந்தன. ஒன்றில் பல் பதிந்த இரண்டு தடங்கள்கூடத் தெரிந்தன. கடித்த காது. நான் கலந்து போடச் சொன்ன கூண்டில், ராஜா ஆனவன் கடித்த காது. அதை வெட்டு என்று படித்தவன் நான்.

பையைக் கட்டி உள்ளே வைத்தேன். டீ குடிக்கப் போனேன். இதை எழுதக் கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான். டாக்டரம்மா எழுதும் கட்டுரையில் என் பெயர் வர இருந்தது. அப்பா ஊரில் சொல்லி வைத்திருந்தார்.

சாயங்காலம் அக்கா கேட்டார். "ஃப்ரீசர் பக்கம் போனியா தம்பி?"

"இல்லக்கா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கூண்டு கழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலை சாவி ஒரு காகிதத்தோடு கழுவும் அறைக்கு வந்தார். நான் அங்கே பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் டாக்டரம்மா நின்றார்.

"கையெழுத்துப் போடு" என்றார் சாவி.

"என்ன எழுதியிருக்கு? படிங்க."

"கவனக்குறைவா மூணு குட்டிக்குக் காதை மாத்தி வெட்டிட்டேன், நானே வேலையை விட்டுப் போறேன்னு எழுதியிருக்கு. கௌரவமா அனுப்பறோம். போடு."

"காதைப் பாத்தீங்களா?"

"எலிக் காதைப் பாக்க நான் என்ன காது டாக்டரா? படிக்காத கையில கத்தரியைக் கொடுத்தா இப்படித்தான். போடுடி கையெழுத்து!"

அந்த 'டி'யோடு சாவி அக்காவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடாவைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். அக்காவின் தலை முன்னால் வந்து மேசை விளிம்பில் மோதியது. நிமிர்ந்தபோது புருவத்துக்கு மேல் தோல் பிளந்திருந்தது. ரத்தம் கண்ணுக்குள் வழிய, அதைத் துடைக்கக்கூட இல்லாமல், அந்தக் கட்டை மணிக்கட்டு சுழன்றது. அப்படி ஓர் அறைச் சத்தத்தை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. சாவி பக்கவாட்டில் போய் பாட்டில் அடுக்கில் விழுந்தார். அடுக்கு சரிந்தது. இருநூறு பாட்டில்கள் அவர் மேல் உருண்டன. கண்ணாடிச் சில்லில் அவர் காது மடல் கிழிந்து, வெள்ளைக் கோட்டின் தோள் முழுக்கச் சிவந்தது. எழுந்து ஓர் இரும்புக் கூண்டு மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அக்கா நகரவில்லை. அவர் கை மூடியின் மறுபக்கத்தைப் பிடித்து முறுக்கியது. சாவியின் விரல் நடுவில் சிக்கி நொறுங்கும் சத்தம் கேட்டது. சாவி வலியில் முழங்காலிட்டார்.

"அடிச்சதுக்கு வெளிய அனுப்புங்க, போறேன்" என்றார் அக்கா. மூச்சு வாங்கியது. "காதை மாத்தி வெட்டினேன்னு அனுப்பினா போக மாட்டேன். போலீஸை வெச்சுத் தூக்கினாலும் போக மாட்டேன்."

டாக்டரம்மாவின் முகம் வெளுத்திருந்தது. "செக்யூரிட்டியைக் கூப்பிடு" என்று என்னிடம் சொன்னார்.

நான் போகவில்லை. என் வாய் தானாகத் திறந்தது. "அது வெட்டு இல்ல மேடம். கடி. நான் நேத்தே பாத்துட்டேன். கலந்து போடச் சொன்னது நான். கடிச்ச காதை வெட்டுன்னு படிச்சதும் நான்தான். அக்கா எழுதின ரெண்டுதான் சரி."

"நேத்தா?" என்றார் டாக்டரம்மா.

"நேத்து மத்தியானம்."

அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நேராக ஃப்ரீசருக்குப் போனார். லென்ஸில் கால் மணி நேரம் குனிந்திருந்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ மூணை மட்டும் மாத்தி எழுதினா போதாது" என்றார். "கடிபட்ட உடம்புல அந்த முரட்டுப் படை முன்னாடியே முழிச்சு நிக்கும். அப்புறம் நாம வைரஸ் விட்டோம். எதனால நெஞ்சு கெட்டுதுன்னு இனி எவனும் சொல்ல முடியாது. நாப்பதும் வேஸ்ட்டு. மிச்சத்தை முடிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

சாவியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சாவியின் விரலுக்காக அக்காவுக்கு நாளையிலிருந்து ஒரு மாதம் பணியிடை நீக்கம் என்றார் டாக்டரம்மா. நாடாவைப் பிடித்து இழுத்ததற்குச் சாவிக்கு வேறு பிரிவுக்கு மாற்றல். அக்கா தலையாட்டினார். ஆனால் வாசலை விட்டு நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"காதை நான் மாத்தி வெட்டலன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க மேடம்."

"நான்தான் வாயால சொல்லிட்டேனே."

"அந்த ஆள் காகிதத்துல எழுதிட்டு வந்தாரு. நீங்களும் காகிதத்துல எழுதுங்க."

டாக்டரம்மா எழுதினார். கையெழுத்தும் முத்திரையும் போட்டார். அக்கா அதை எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். மடித்துப் பையில் வைத்தார். நெற்றியில் பஞ்சு வைத்து ஒட்டிக்கொண்டு, "மிச்சம் எத்தனை இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"இருபத்துநாலு. நாளைக்கு வேற யாராவது..."

"வேற எவன் இருக்கான் இங்க? கத்தக் கத்தக் கொல்லுவீங்க. வா, கூண்டை எடு."

கவசம் மாட்டிக்கொண்டு நோய் அறைக்குள் போனோம். நான் கூண்டைத் திறந்து ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். அவற்றில் பத்தொன்பது செவிடுகள். வைரஸை வென்று, எடை ஏறி, மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தவை. அக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. விரல் அழுத்தும், சுள்ளி ஒடியும், கை நீளும். பையில் அவை சூடாகக் குவிந்தன. இருபத்து மூன்று முடிந்தபோது அவர் வலது கையை உதறிக்கொண்டார். மூடியை முறுக்கியதில் மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"கடைசி ஒண்ணு நீ பண்ணு."

"எனக்குப் பழக்கம் இல்லக்கா."

"கலந்து போடறதுக்கு மட்டும் பழக்கம் இருந்துச்சா? பண்ணு."

ஏழாம் கூண்டின் ராஜா அது. முதுகில் ஒரு கீறல் கிடையாது. நான் தலையை அழுத்தினேன். விரல் பயத்தில் தளர்ந்தது. இழுத்தேன், பாதிதான் இழுத்தேன். எலி கத்தியது. அந்த அறையில் நான் முதல்முறை கேட்ட கத்தல். அது முறுக்கிக்கொண்டு, பின்னுடம்பு இழுபட, முன்னங்காலால் மேசையைப் பிறாண்டியது.

என் பிடரியில் இடி விழுந்தது. கவசத்தோடு சேர்த்து என் தலை சுவரில் மோதியது. நான் நிமிர்வதற்குள் அக்கா இடது கையாலேயே அதை முடித்துவிட்டிருந்தார்.

"அது என்னடா பாவம் பண்ணுச்சு உனக்கு?" என்று கத்தினார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பையின் வாயைக் கட்டினார். பிறகு கையுறையைக் கழற்றியபடி, "இன்னைக்கு ரெண்டு அடி ஆச்சு. இதுக்கும் எத்தனை நாளுன்னு உங்க மேடத்துக்கிட்ட கேட்டுச் சொல்லு" என்றார்.

நான் கேட்கவில்லை. வாசலில் அவர் கணவர் வண்டியோடு நின்றிருந்தார். மனைவியின் நெற்றியைப் பார்த்ததும் வண்டியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தவரை அக்கா சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார். "எவன்டி அவன்?" என்று அவர் கத்தியது மாடி வரை கேட்டது. அக்கா பையிலிருந்து காகிதத்தை எடுத்து அவர் கையில் திணித்தார். "முதல்ல இதைப் படி. சத்தமாப் படி."

அவர் தெருவில் நின்று சத்தமாகப் படித்தார்.

முப்பத்தோராம் நாள் காலை அக்கா வேலைக்கு வந்தார். அன்று கொல்ல வேண்டியது ஒன்றும் இல்லை. அதனால் கூண்டு கழுவினார்.